24 வோல்ட் லோரியில் நிரந்தரப் பின்கேமரா: மின்சாரம் எங்கிருந்து, கேபிள் எந்த வழியாக?

பிறை_பெட்டிலோரி:
அனைவருக்கும் வணக்கம். வண்டி இசுசு என்பிஆர், 24 வோல்ட், 17 அடி அலுமினியப் பெட்டி, பின்னால் இரட்டைக் கதவு. பினாங்கு மாநிலத்தின் பிறையில் சரக்கு ஏற்றி, பாலம் தாண்டி ஜார்ஜ்டவுன் லெபோ பசார் பக்கத்துக் கடைகளில் இறக்கும் வேலை. அந்தத் தெருக்களில் கோஸ்தான் (ரிவர்ஸ்) அடிக்காமல் ஒரு கடையும் முடியாது. பக்கக் கண்ணாடிகள் பெட்டியின் இரண்டு ஓரத்தைக் காட்டுகின்றன. கதவுக்கு நேர் பின்னால் நிற்கும் மோட்டார் சைக்கிளும் குறுக்கே நடக்கும் ஆளும் அதில் விழுவதில்லை. கெலிண்டான் (லோரி உதவியாள்) இறங்கிக் கை காட்டுவது ஒன்றுதான் இப்போதைக்கு வழி.

ரிவர்ஸ் போட்டால் மட்டும் படம் காட்டும் கேமரா வேண்டாம். சாவி போட்டதிலிருந்து வண்டி நிற்கும்வரை பின்பக்கம் தெரியவேண்டும். ஒரு பட்டறையில் சொன்ன திட்டம் இது: வயர்லெஸ் கேமரா, அதற்கு மின்சாரம் பின் ரிவர்ஸ் விளக்கிலிருந்து, திரைக்கு மின்சாரம் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து. ஒரு மணி நேர வேலையாம். இது சில வருஷமாவது தாங்குமா? தாங்காது என்றால் சரியான முறை என்ன?

செகாம்புட்_வயர்மேன்:
தம்பி, அந்தத் திட்டத்தில் நீங்க கேட்டதே கிடைக்காது. ரிவர்ஸ் விளக்கில் மின்சாரம் எடுத்தா, ரிவர்ஸ் போட்டாத்தான் கேமராவுக்கு உயிர். ஓடும்போது திரை வெறும் நீலமா நிக்கும். ரிவர்ஸ் போட்ட பிறகும் கேமரா விழிச்சு, வயர்லெஸ் ஜோடி சேர்ந்து, படம் வர மூணு நாலு வினாடி போயிரும். அதுக்குள்ள வண்டி ஒரு அடி பின்னால போயிருக்கும். அமெரிக்காவில் 2018 மே மாசத்திலிருந்து புதுக் கார்களுக்குக் கட்டாயமான விதியில, ரிவர்ஸ் போட்ட 2 வினாடிக்குள்ள படம் வரணும்னு இருக்கு. நம்ம லோரிக்கு அந்த விதி கிடையாது. ஆனா அளவுகோலா வச்சுக்கலாம். எப்போதும் எரியிற கேமராவுக்கு இந்தப் பிரச்சினையே வராது.

முறை இதுதான். மின்சாரம் முன்னால, கேபின் ஃபியூஸ் பெட்டியிலிருந்து. ரிவர்ஸ் வயர் தகவல் சொல்ல மட்டும், அதாவது திரையில தூரம் காட்டுற கோடு வரைய, படத்தைப் பெரிசாக்க. அதில் கேமராவின் சுமையை ஏத்தக்கூடாது.

மல்டிமீட்டரை எடுத்து ஃபியூஸ் பெட்டியில சாவி அணைச்சா 0, சாவி போட்டா 24க்கு மேல காட்டுற இடத்தைப் பிடிங்க. வைப்பர், ரேடியோ, பவர் சாக்கெட், இதில ஒண்ணு போதும். பிரேக் விளக்கு, ஏபிஎஸ், என்ஜின் கம்ப்யூட்டர் இந்த மூணு ஃபியூஸையும் தொடாதீங்க. அங்க ஃபியூஸ் டேப் (ஒட்டுற டேப் இல்லை, ஃபியூஸ் இடத்திலிருந்து இன்னொரு கிளை எடுக்கிற துண்டு) ஒண்ணு செருகி, அதுக்குள்ள 2 ஆம்பியர் ஃபியூஸ். 7 அங்குலத் திரையும் ஒரு கேமராவும் சேர்ந்து சுமார் 10 வாட் தான் இழுக்கும், 24 வோல்ட்டில் அரை ஆம்பியர்கூட வராது. 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்டா, மெல்லிய வயர் சூடாகி உருகின பிறகுதான் அது போகும்.

ஃபியூஸ் டேப்பைத் திருப்பிப் போடுறவங்க நிறைய. பழைய ஃபியூஸைக் கழட்டி, இரண்டு காலில எந்தக் கால் உயிரோட இருக்குன்னு மீட்டரில் பாருங்க. டேப்பில இரண்டு ஃபியூஸுக்கும் மின்சாரம் உள்ள வர்ற கால் அந்தப் பக்கம் உட்காரணும். மாறிப் போட்டா உங்க கேமராவின் மின்சாரமும் பழைய ஃபியூஸ் வழியாத்தான் போகும், வைப்பர் ஃபியூஸ் போனா கேமராவும் போகும்.

எர்த் கேபின் இரும்பில, பெயிண்ட் சுரண்டி, வளைய டெர்மினல் அழுத்திப் போல்ட் போட்டு முறுக்குங்க. ஏற்கெனவே நாலைஞ்சு வயர் கூடியிருக்கிற போல்ட்டில ஆறாவதா இதையும் சொருகாதீங்க.

ரிவர்ஸ் வயர் கண்டுபிடிக்க: கைபிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வச்சு, என்ஜின் அணைச்சு, சாவி மட்டும் போட்டு ரிவர்ஸ் கியர். 24 வோல்ட் வர்ற வயர், கியரை எடுத்ததும் 0 ஆகணும். பின் விளக்குவரை போகத் தேவையில்லை. கியர்பாக்ஸ் சுவிட்சிலிருந்து வர்ற கட்டிலேயே பிடிக்கலாம்.

ஜாலான்_பசார்:
வயர்மேன் அண்ணன் மின்சாரத்தைச் சொல்லிவிட்டார். பொருளைப் பற்றி நான் சொல்கிறேன்.

வயர்லெஸ் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. கேமராவுக்கும் திரைக்கும் நடுவில் 17 அடி அலுமினியப் பெட்டியும் கேபினின் இரும்புச் சுவரும் நிற்கின்றன. கடைத்தெருவில் ஒவ்வொரு கடையின் வைஃபையும் அதே அலைவரிசையில். டிஜிட்டல் வகையில் சிக்னல் தடைப்பட்டால் படம் உறைந்து நிற்கும். உறைந்த படத்தில் பின்னால் ஆள் இல்லை, நிஜத்தில் இருக்கிறார்: இதைவிட ஆபத்து வேறில்லை. நிரந்தரமாகப் பொருத்துகிற வண்டியில் வயர்தான். போதாததற்கு, வயர்லெஸ் கேமராவுக்கும் பின்னால் மின்சாரம் கொடுக்க வயர் இழுத்தே ஆகவேண்டும். அந்த வயரோடு படத்தையும் கொண்டுவரலாமே.

கேட்டு வாங்கவேண்டியது: 4 பின் ஏவியேஷன் கனெக்டர் உள்ள கேமரா, அதே கனெக்டர் உள்ள திரை, இரண்டும் ஏஎச்டி (அனலாக் வயரிலேயே எச்டி படம் அனுப்பும் முறை). அந்த ஒரே கேபிளில் மின்சாரம், எர்த், படம், ஒலி நான்கும் போகும். திரையின் பின்புறம் ‘10 முதல் 32 வோல்ட்’ என்று அச்சிட்டிருக்கவேண்டும். பேட்டரி 24 என்றாலும் ஓடும்போது 27.5 முதல் 28.8 வரை ஏறும். ‘12/24’ என்று மட்டும் எழுதி உச்ச அளவு சொல்லாத திரையை வாங்காதீர்கள். ஆல்டர்னேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனை தளர்ந்து கழன்றால், பாதுகாப்பு இல்லாத 24 வோல்ட் அமைப்பில் நொடிப்பொழுதுக்கு 150 வோல்ட்டையும் தாண்டிய அலை வரும். திரை எரிந்ததென்றால் முதலில் பேட்டரி முனைகளைக் கையால் அசைத்துப் பார்க்கவேண்டும்.

சிவிபிஎஸ் என்கிற பழைய சாதாரணத் தர வீடியோ முறைத் திரையில் ஏஎச்டி கேமரா படம் காட்டாது, அல்லது கறுப்பு வெள்ளைக் கோலமாக ஓடும். ஏஎச்டியிலும் 720, 1080, வினாடிக்கு 25 படம், 30 படம் என்று வகை உண்டு. திரை எதை ஏற்கிறதோ அதையே கேமரா அனுப்பவேண்டும். தனித்தனியாக வாங்குவதில் இந்தத் தொல்லை. ஒரே பெட்டியாக வாங்கினால் இல்லை.

நீர்காப்பில் ஐபி67 என்பது தண்ணீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்குவதற்கான சோதனை. உங்கள் வண்டிக்கு எதிரி மழை இல்லை, லோரி கழுவும் இடத்துப் பிரஷர் ஜெட். ஐபி69கே சோதனை 80 டிகிரி சுடுநீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து அடித்துப் பார்ப்பது. அந்த முத்திரை உள்ளதை வாங்குங்கள். பிக்சலுக்குக் கொடுக்கும் கூடுதல் காசை இதற்குக் கொடுங்கள். 7 அங்குலத் திரையில் 720க்கும் 1080க்கும் உள்ள வித்தியாசம் ஓட்டுகிற கண்ணுக்குத் தெரியாது.

பிறை_பெட்டிலோரி:
மிக்க நன்றி. பார்த்து வைத்திருக்கும் ஒரு கேமராவில் ‘12 வோல்ட்’ என்று மட்டும் இருக்கிறது. வண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறதே, ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சரியா?

செகாம்புட்_வயர்மேன்:
வேண்டவே வேண்டாம். இரண்டு பேட்டரியும் தொடரா கட்டினது, சார்ஜ் இரண்டுக்கும் ஒரே அளவுதான் போகும். ஒண்ணிலிருந்து மட்டும் உறிஞ்சினா அது எப்பவும் பாதி வயிறு, மத்தது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறித் தண்ணி வத்தும். இரண்டும் சீக்கிரம் போகும். கேமராவுக்கு 12 வோல்ட் திரையே கொடுக்கும், 4 பின் வயர் வழியா. திரை 24 வாங்கி உள்ள 12 ஆக்கி அனுப்புது. அந்த 12 வோல்ட் கேமராவைக் கொண்டுபோய் நேரா ரிவர்ஸ் விளக்கில கட்டினாத்தான் அன்னைக்கே புகை.

திரைக்கு 24 தாங்காதுன்னா 24க்கு 12 கன்வெர்ட்டர், 3 ஆம்பியர், கேபினுக்குள்ள காத்துப் படுற இடத்தில வைங்க. ஆனா 32 வோல்ட் தாங்குற திரை வாங்குறதுதான் சுத்தமான வேலை. இடையில ஒரு பெட்டி குறைஞ்சா கெட்டுப்போக ஒரு பொருள் குறைஞ்சது.

பட்டர்வொர்த்_பாடி:
கேபிள் வழிக்கு வருவோம். கேமரா செத்ததென்று கொண்டுவரும் வண்டிகளில் கேமராவைக் கழற்றி மேசையில் போட்டால் பெரும்பாலும் படம் வரும். போனது கேபிள். அதிலும் மூன்று இடம்தான்: கேபின் சாயும் கீல், பெட்டிக்குள் நுழையும் ஓட்டை, இரண்டு கனெக்டர் சேரும் மூட்டு.

என்பிஆர் கேபின் முன்னால் சாயும். கேபிளை கேபினின் பின்சுவரிலிருந்து நேராகச் சேசிஸுக்கு இறக்கினால், முதல் தடவை என்ஜின் பார்க்கக் கேபினைத் தூக்கும்போதே அறுந்துவிடும். தொழிற்சாலை வயர்க்கட்டு கீல் பக்கமாக எப்படி வளைந்து இறங்குகிறதோ, அதை ஒட்டியே உங்கள் கேபிளும் இறங்கவேண்டும். கீல் அச்சுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவுக்கு இழுப்பு குறைவு. அங்கே ஒரு தளர்ந்த வளையம் விட்டு, கேபினை முழுக்கச் சாய்த்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகே கேபிள் டையை இறுக்குங்கள். சாய்க்காமல் இறுக்கிய வேலை முடிந்த வேலை ஆகாது.

சேசிஸில் உட்பக்கச் சுவரோடு, புகைக்குழாய் இல்லாத பக்கமாக ஓட்டுங்கள். புகைக்குழாயிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி. பிரேக் குழாய், டீசல் குழாய் இவற்றோடு சேர்த்துக் கட்டாதீர்கள். தொழிற்சாலை மின்வயர்க் கட்டோடு கட்டலாம். முழு நீளத்துக்கும் 10 மில்லிமீட்டர் நெளிகுழாய், 30 சென்டிமீட்டருக்கு ஒரு டை, கறுப்பு நிற டை மட்டும். வெள்ளை டை நம்ம ஊர் வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். கூர்முனை உள்ள குறுக்குச் சட்டத்தைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வைத்த உலோகக் கிளிப்.

17 அடிப் பெட்டிக்குக் கேபினிலிருந்து பின் மேல்விளிம்புவரை சுமார் 11, 12 மீட்டர் ஓடும். 15 மீட்டர் கேபிள் வாங்குங்கள். 10 மீட்டர் வாங்கி நடுவில் 5 மீட்டர் ஒட்டுப் போடவேண்டாம், ஒவ்வொரு மூட்டும் தண்ணீருக்கு ஒரு கதவு. மிச்ச நீளத்தை வெட்டாமல் நீளவாக்கில் மடித்து, கேபினுக்குள் இருக்கைக்குப் பின்னால் கட்டிவிடுங்கள்.

கேமரா பக்கத்து மூட்டைப் பெட்டிக்கு உள்ளே கூரை மூலையில் கொண்டுவாருங்கள். வெளியில்தான் வரும் என்றால் கனெக்டரை முறுக்கிப் பூட்டி, தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்துச் சுற்றுங்கள், கீழிருந்து மேலாக. மூட்டுக்கு முன் கேபிள் கொஞ்சம் தொங்கி மேலேறவேண்டும். அப்போதுதான் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிப்போகும், கனெக்டருக்குள் போகாது.

குளிர்ப்பெட்டி_ஷாஆலம்:
துளை போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கனெக்டர் நுழைய பெரும்பாலும் 19, 20 மில்லிமீட்டர் ஓட்டை வேண்டும். துளைப்பதற்கு முன் கையில் இருக்கும் கனெக்டரை அளந்துகொள்ளுங்கள். ஸ்டெப் டிரில் போட்டு, பிசிரை அரத்தால் எடுத்து, இரும்பென்றால் துத்தநாகப் பிரைமர் பூசி, ரப்பர் குரோமெட் மாட்டி, சுற்றிலும் சீலன்ட். புளிக்காடி வாசம் அடிக்கும் சிலிகான் மட்டும் வேண்டாம். அது காயும்போது அசெட்டிக் அமிலம் விடும், செம்பையும் இரும்பையும் அரிக்கும். நியூட்ரல் வகைச் சிலிகானோ பாலியூரித்தேன் சீலன்டோ போடுங்கள்.

இது சாதாரண அலுமினியப் பெட்டிக்கு. மீன், கோழி, பால் ஏற்றுகிற குளிர்ப்பெட்டி வைத்திருப்பவர்கள் சுவரைத் துளைக்கவே வேண்டாம். இரண்டு தகட்டுக்கு நடுவே இருக்கும் நுரையில் தண்ணீர் இறங்கினால் வெளியே வராது. சுவர் கனமாகும், குளிர் நிற்காது, கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். வெளிப்புற மூலைச் சட்டத்தின் உள்மடிப்பு வழியாகக் கேபிளை ஏற்றி, அலுமினியப் பட்டை போட்டு மூடுங்கள். கேமரா தாங்கியையும் முழு ஆழத்துக்கு ஸ்குரு போடாமல், கதவுச் சட்டத்தின் உலோகத்தில் மட்டும் பிடிக்கவையுங்கள்.

அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்குரு போடும்போது இழையில் சீலன்ட் தடவிப் போடவும். இரண்டு உலோகமும் நேராகத் தொட்டு மழைநீரும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும், ஸ்குரு ஆடத் தொடங்கும். துறைமுகம் பக்கம் ஓடும் வண்டியில் உப்புக்காற்றால் இது இன்னும் வேகம்.

கிள்ளான்_டிரெய்லர்:
கேமராவை மேல்விளிம்பில் வைக்கணும்னு எல்லாரும் முடிவு பண்ணிட்ட மாதிரி இருக்கு. கீழே, பம்பர் உயரத்தில வைச்சா பின்னால நிக்கிற கம்பம், தாழ்வான கல், ஆளோட கால் எல்லாம் நல்லாத் தெரியும். கண்டெய்னர் டிரெய்லரில் வேற வழியே இல்லை, பெட்டி தினம் மாறும், சேசிஸ் கடைசிச் சட்டத்திலதான் வைக்கணும்.

பட்டர்வொர்த்_பாடி:
கண்டெய்னருக்கு நீங்கள் சொல்வது சரி. சட்டத்துக்கு உள்ளே தள்ளி, 4 மில்லிமீட்டர் தகட்டில் மூடி போட்டு வைத்தால் நிற்கும். பெட்டி லோரிக்குக் கீழே வைப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சக்கரம் அடிக்கும் சேற்றுநீர் மழைநாளில் சில நிமிடத்தில் லென்ஸை மூடிவிடும். இறக்கும் மேடையில் இடிபடுவதும் அதுதான். இன்னொன்று, தாழ்ந்த கேமராவில் தூரம் ஏமாற்றும். தரை திரையில் நசுங்கித் தெரிவதால் 1 மீட்டரும் 2 மீட்டரும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். மேலிருந்து பார்த்தால் தரை விரிந்து தெரியும்.

கோணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமரா 2.8 மீட்டர் உயரத்தில், லென்ஸின் செங்குத்துக் கோணம் 80 டிகிரி, 45 டிகிரி கீழே சாய்த்தால் கதவிலிருந்து கால் மீட்டர் தள்ளித் தொடங்கி 30 மீட்டர்வரை தரை தெரியும். அதே உயரத்தில் செங்குத்துக் கோணம் 65 டிகிரிதான் என்றால், 50 டிகிரி சாய்க்கவேண்டிவரும். அப்போது 37 சென்டிமீட்டரில் தொடங்கி 9 மீட்டரோடு முடிந்துவிடும். கோஸ்தானுக்கு இது போதும். ஓடும்போது பின்னால் வரும் காரைப் பார்க்கப் போதாது. இழையைத் தொடங்கியவர் எப்போதும் தெரியவேண்டும் என்கிறார், அதனால் வாங்கும் முன் செங்குத்துக் கோணம் எவ்வளவு என்று கேளுங்கள். பெட்டியில் ‘170’ என்று அச்சிட்டிருப்பது பலசமயம் மூலைவிட்டக் கோணம். அதை வைத்து எதுவும் முடிவுசெய்ய முடியாது. ஒரு லென்ஸ் கீழே, ஒரு லென்ஸ் தூரத்துக்கு என்று இரட்டை லென்ஸ் கேமராவும் கிடைக்கிறது. திரையில் இரண்டு உள்ளீடு இருந்தால் அது இன்னும் நல்லது: ஓடும்போது தூரம், ரிவர்ஸ் போட்டால் கீழே.

கதவு 270 டிகிரி திறந்து பக்கச்சுவரோடு ஒட்டும் வண்டியில், கேமரா கதவுக்கு மேலுள்ள சட்டத்தில் நடுவில் உட்காரவேண்டும். கதவின் பூட்டுத்தடி மேலே நீளும் இடத்தைத் திறந்து மூடிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் கூரை மட்டத்துக்கு மேலே துருத்தக்கூடாது. மரக்கிளையும் கார்பார்க் உயரக்கம்பியும் முதலில் தட்டுவது அதைத்தான்.

கிள்ளான்_டிரெய்லர்:
பெட்டி லோரிக்கு அந்தக் கணக்கு சரி, ஒத்துக்கிறேன். டிரெய்லர்காரர்களுக்காக: தலைவண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில சுருள் கேபிள் தனியா வேணும், காற்றுக்குழாய் பக்கத்திலேயே தொங்கவிடணும். கழட்டின பிறகு முனையை வெறுமனே தொங்கவிடாம, கேபின் பின்சுவரில வெற்று சாக்கெட் ஒண்ணு வைச்சு அதில செருகி வைக்கணும். கனெக்டரோட பின் பச்சை பிடிக்கிறது பெரும்பாலும் கழட்டி வைச்ச நேரத்திலதான்.

பாயான்_வேன்:
ஹையேஸ் வேனுக்கும் இதே முறைதானா? 12 வோல்ட், ஆண்ட்ராய்டு பிளேயர் ஏற்கெனவே இருக்கு.

ஜாலான்_பசார்:
வேனில் வேலை குறைவு. பிளேயரின் பின்னால் கேமரா உள்ளீடு மஞ்சள் ஆர்சிஏ சாக்கெட்டாக இருக்கும். ரிவர்ஸ் தகவல் வாங்கும் வயரில் சிறு சீட்டு ஒட்டியிருக்கும். கேமரா வகையைச் செட்டிங்கில் ஏஎச்டி அல்லது சிவிபிஎஸ் என்று மாற்றவேண்டும். அதை மாற்றாமல் கேமரா கெட்டது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. பின்கதவு மேலே தூக்கும் வகை என்பதால் கேபிள், கதவுக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள தொழிற்சாலை ரப்பர் குழாய்க்குள்தான் போகவேண்டும். குழாயின் இரண்டு முனையையும் கழற்றி, சோப்புநீர் தடவிய மெல்லிய கம்பியால் இழுத்தால் வரும். ரப்பருக்கு வெளியே விட்டால் கதவு அறுத்துவிடும். எப்போதும் படம் வேண்டுமென்றால் பிளேயரில் அதற்கான தேர்வு இருக்கிறதா பாருங்கள். பல பிளேயர் ரிவர்ஸ் வயரில் மின்சாரம் வந்தால்தான் கேமராவைக் காட்டும். கேமராவை நம்பர் பிளேட் மேல் வைக்கும்போது எண்ணையோ பிளேட் விளக்கையோ மறைக்காமல் வையுங்கள், மறைத்தால் புஸ்பாகோம் வாகனச் சோதனையில் தேறாது.

பிறை_பெட்டிலோரி:
சொன்னபடி பொருத்தியாகிவிட்டது: 15 மீட்டர் கேபிள், மேல்சட்டத்தில் கேமரா, கேபினைச் சாய்த்தும் பார்த்தாயிற்று. படம் தெளிவாக வருகிறது. இரண்டு குறை. ஒன்று, ரிவர்ஸ் போடாமலே சில நேரம் கோடுகள் தோன்றி மறைகின்றன. ரிவர்ஸ் வயரில் கியர் இல்லாதபோதே மீட்டர் 5 வோல்ட் காட்டுகிறது. பின் விளக்குகள் எல்இடிக்கு மாற்றப்பட்டவை. இரண்டு, என்ஜின் ஓடும்போது மட்டும் படத்தில் மெல்லிய பட்டைகள் மேலே ஏறுகின்றன. ஆக்சிலரேட்டர் மிதித்தால் வேகமாகின்றன.

ஜாலான்_பசார்:
முதல் குறை எல்இடியால் வருவது. குண்டு விளக்கு இருந்தபோது அதன் இழை கசிவு மின்சாரத்தை எர்த்துக்கு இழுத்துவிடும். எல்இடி இழுக்காது, அதனால் வயரில் பேய் வோல்ட் நிற்கிறது. ரிவர்ஸ் தகவல் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே 2.2 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். 28 வோல்ட்டில் அதில் 0.36 வாட் சூடுதான் வரும், 1 வாட் தாராளமாகத் தாங்கும். கால்வாட் ரெசிஸ்டர் போட்டால் கருகிவிடும். போட்டபின் கியர் இல்லாதபோது மீட்டர் 0க்குப் பக்கத்தில் வரவேண்டும். அப்போதும் 5 நின்றால் அது கசிவு இல்லை, வேறொரு வயரோடு தொடுகிறது. கியர்பாக்ஸ் சுவிட்ச் பிளக்கைத் திறந்து எண்ணெயும் ஈரமும் இருக்கிறதா பாருங்கள்.

இரண்டாவது குறை எர்த் வளையம். படத்தின் எர்த் கேபிள் வழியாகத் திரைக்கு வருகிறது. அதோடு கேமராவின் உலோக உடல் ஸ்குரு வழியாகப் பெட்டியையும் தொடுகிறது. இரண்டு பாதை, நடுவில் ஆல்டர்னேட்டரின் அலை. மிதித்தால் பட்டை வேகமாவது அதற்கான அடையாளம். கேமரா தாங்கிக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் தகடு வைத்து, ஸ்குருவுக்கு நைலான் வாஷரும் ஸ்குருத் தண்டைச் சுற்றி நைலான் குழலும் போடுங்கள். பிறகு கனெக்டரைக் கழற்றி, கேமரா உடலுக்கும் பெட்டிக்கும் இடையே ஓம் பாருங்கள். மீட்டர் திறந்த வட்டம், அதாவது தொடர்பே இல்லை என்று காட்டவேண்டும்.

செகாம்புட்_வயர்மேன்:
ராத்திரியில மட்டும் படம் துடிச்சா அது வேற நோய், இப்பவே சொல்லி வைக்கிறேன். இருட்டினதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும், மின்சாரம் கூட இழுக்கும். மலிவு கேபிளுக்குள்ள வயர் முடிமாதிரி இருக்கும். 28 கேஜ் செம்பு மீட்டருக்கு 0.21 ஓம், 15 மீட்டர் போக வர 30 மீட்டர், 6.4 ஓம். 0.3 ஆம்பியர் இழுத்தா 1.9 வோல்ட் வழியிலேயே போச்சு. 12இல் 10தான் கேமராவுக்குச் சேரும். கனெக்டரில கொஞ்சம் பச்சையும் பிடிச்சிருந்தா அதுவும் சேராது. விளக்கு எரியும், வோல்ட் விழும், கேமரா அணைஞ்சு திரும்ப விழிக்கும், அதுதான் துடிப்பு. உள்ள கனமான செம்பு இருக்கிற கேபிள் கேட்டு வாங்கணும், செம்பு பூசின அலுமினியம் வேண்டாம்.

ராத்திரி படம் முழுக்க வெள்ளையடிச்ச மாதிரி இருந்தா, கேமராவின் மேல்குடையோ தாங்கியோ முன்னால துருத்தி இன்ஃப்ராரெட் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்குது. குடையைப் பின்னால நகர்த்துங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். இரண்டு வேற கடையில வாங்கின கேபிளும் கேமராவும் 4 பின்னுன்னு பொருந்திடும், ஆனா பின் வரிசை எல்லாரும் ஒரே மாதிரி வைக்கிறதில்லை. படம் போகவேண்டிய பின்னில 12 வோல்ட் ஏறினா கேமரா அத்தோட சரி. கேமராவை மாத்துறப்போ, மாட்டுறதுக்கு முன்னாடி கேபிள் முனையில எந்தப் பின்னில 12 வருதுன்னு மீட்டரில் பார்த்து, புதுக் கேமராவின் பின் வரைபடத்தோட ஒப்பிட்டுப் பாருங்க.

பிறை_பெட்டிலோரி:
ரெசிஸ்டரும் ரப்பரும் போட்டபிறகு இரண்டு குறையும் போயின. மீட்டர் 0.1 காட்டுகிறது. இனி திரைக் கோடுகளை எப்படிச் சரிசெய்வது? பெட்டியில் வந்தபடி சிவப்புக் கோடு எங்கேயோ நிற்கிறது.

பட்டர்வொர்த்_பாடி:
அந்தக் கோட்டை அளக்காமல் நம்பக்கூடாது. அது கார் உயரத்துக்கு வரைந்தது. சமதரையில் வண்டியை நிறுத்தி, கெலிண்டானை அளவுநாடாவோடு பின்னால் அனுப்புங்கள். பம்பரின் கடைசி விளிம்பிலிருந்து அளக்கவேண்டும், பெட்டிச் சுவரிலிருந்து இல்லை. டெயில்லிஃப்ட் (சரக்கு ஏற்றி இறக்கும் பின்தூக்கி) இருந்தால் மடித்து நிற்கும் அதன் தகட்டிலிருந்து. 50 சென்டிமீட்டர், 1 மீட்டர், 3 மீட்டரில் கோன் வைத்து, வண்டியின் அகலத்துக்கு இரண்டு பக்கமும் வையுங்கள். திரையில் கோடு நகர்த்த வசதி இருந்தால் அதோடு பொருத்துங்கள். இல்லையென்றால் கேமராவின் கோட்டு வயரைத் துண்டித்துக் கோட்டை அணைத்துவிட்டு, திரையின் ஓரச்சட்டத்தில் அந்த மூன்று தூரத்துக்கும் மெல்லிய வண்ண டேப் ஒட்டுங்கள். பிறகு கேமராவின் கோணத் திருகை நூல்பூட்டுப் பசை போட்டு இறுக்குங்கள், அதிர்வில் நகர்ந்தால் எல்லா அளவும் வீண்.

படம் கண்ணாடிபோல இடவலம் மாறித் தெரிகிறதா என்றும் அப்போதே பாருங்கள். வண்டியின் வலப்பக்கம் நிற்கும் கெலிண்டான் திரையிலும் வலப்பக்கம் வரவேண்டும். இடப்பக்கம் வந்தால் கேமராவின் வாலில் தனியாக ஒரு வளைய வயர் இருக்கும், அதை வெட்டினால் மாறும். எந்த நிறம் எதற்கு என்பது கேமராவோடு வந்த தாளில் இருக்கும். வெட்டிய முனைகளைச் சுருங்குகுழாயால் மூடுங்கள்.

திரையை உறிஞ்சுகுப்பியில் கண்ணாடியில் ஒட்டவேண்டாம். வெயிலில் நிற்கும் கேபினுக்குள் அது கழன்று விழும், பார்வையையும் மறைக்கும். டாஷ்போர்டில் ஸ்குரு போட்ட தாங்கி, ஓட்டுநரின் கண் சாலையிலிருந்து அதிகம் கீழிறங்காத உயரம். எப்போதும் எரியும் திரை என்பதால் இரவுக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி வேலை செய்கிறதா பாருங்கள்.

குளிர்ப்பெட்டி_ஷாஆலம்:
இன்னும் இரண்டு விஷயம். லென்ஸை ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள். தின்னர், பெட்ரோல் பட்டால் மேற்பூச்சு மங்கும். லென்ஸுக்கு உள்ளே ஆவி படிந்தால் சீல் போய்விட்டது, வெயிலில் காயவைத்தாலும் அடுத்த மழைக்குத் திரும்ப வரும், மாற்றத்தான் வேண்டும்.

பெட்டியிலோ சேசிஸிலோ வெல்டிங் செய்யக் கொடுக்கும்போது பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றச் சொல்லுங்கள். கேமரா கேபிளையும் திரையின் பின்னால் கழற்றிவிடுங்கள். வெல்டிங் எர்த் கிளம்பு, ஒட்டும் இடத்துக்கு ஒரு அடிக்குள் பிடிக்கவேண்டும். கிளம்பை முன்சக்கரத்தில் மாட்டிப் பின்கதவில் ஒட்டினால் அந்த மின்சாரம் உங்கள் வயர்கள் வழியாகவும் வழி தேடும்.

செகாம்புட்_வயர்மேன்:
ஆறு மாசத்துக்கு ஒரு தடவை புஸ்பாகோமுக்கு வண்டி தயார் பண்ணுறப்போ இதையும் சேர்த்துப் பாருங்க தம்பி: கீல் பக்கத்து வளையத்தில தோல் தேய்ஞ்சிருக்கா, குரோமெட் இடத்தில இருக்கா, எர்த் போல்ட் இறுக்கமா இருக்கா. திரை பெட்டியோட வந்த சிகரெட் லைட்டர் பிளக்கை வெட்டி எறியாதீங்க, வண்டியில வைச்சிருங்க. ஃபியூஸ் போனா வழியில அதை வைச்சுத் திரையைச் சோதிச்சுக்கலாம்.